சீட் ரெயில் மாற்றும்போது எந்த ரிவெட், எந்த போல்ட்? ஓட்டையை அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்

சின்ன விமானத்தில் சீட் ரெயிலை, அதாவது சீட் முன்னும் பின்னும் நகர்வதற்காகத் தரையில் பதித்திருக்கும் தண்டவாளத்தை, மாற்றுபவர்கள் ரெயிலைப் பற்றி நாள்கணக்கில் யோசிப்பார்கள். ஒரிஜினலா, அங்கீகாரம் பெற்ற மாற்றுப் பாகமா, எத்தனை நாளில் வரும் என்று எல்லாம் விசாரிப்பார்கள். அந்த ரெயிலைத் தரையோடு பிடித்துவைக்கப் போகிற ரிவெட்டையும் திருகையும் பற்றிய யோசனை மட்டும் பழைய ரெயிலைப் பெயர்த்துப் போட்ட பிறகு, டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவும்போதுதான் வரும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் ரெயிலில் ஒரே நீள ரிவெட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து, பாதி வழியில் வேலையை நிறுத்தினேன். இரண்டாவதில் இன்னும் மோசம், ஒரு ஓட்டை கொஞ்சம் நீண்டிருந்தது என்று யோசிக்காமல் அடுத்த அளவுக்குப் பெரிதாக்கி, விளிம்புத் தூரம் (ஓட்டைக்கும் தகட்டின் விளிம்புக்கும் நடுவில் விட வேண்டிய இடம்) போய், புது ரெயிலையே தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த ரிவெட் என்று நீங்கள் முன்கூட்டியே தீர்மானிக்க முடியாது. பாகங்கள் அட்டவணை ஒன்றைச் சொல்லும், பழைய ரிவெட்டை எடுத்த பிறகு கிடைக்கிற ஓட்டை வேறொன்றைச் சொல்லலாம், அந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் வேலை. இன்னொன்று, சான்றிதழ் பெற்ற விமானத்தில் இந்த வேலைக்கு உரிமம் உள்ள மெக்கானிக்கின் கையெழுத்து வேண்டும். நீங்கள் சொந்தக்காரராக இருந்து கூட நின்று உதவி செய்பவராக இருந்தால் அவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், ரெயிலை அடித்து முடித்த பிறகு கூப்பிட்டுக் காட்டாதீர்கள்.

சரி, இந்த ரிவெட் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம், ஏனென்றால் அது புரிந்தால் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாக வந்துவிடும். சீட்டின் பூட்டு ஊசி ரெயிலில் உள்ள ஒரு துளைக்குள் இறங்கி நிற்கிறது. நீங்கள் பிரேக் அழுத்தினாலும், புறப்படும்போது வேகம் கூடினாலும் சீட் முன்னும் பின்னும் போகப் பார்க்கும், அந்த விசை ஊசி வழியாக ரெயிலுக்குள் வந்து, அக்கம்பக்கத்து ரிவெட்டுகளைக் கத்தரிப்பது போல் பக்கவாட்டில் தள்ளும். இதைத்தான் ஷியர் என்கிறோம், ரிவெட்டுக்கு இது பிடித்த வேலை. ஆனால் விமானம் சட்டென்று நிற்கும்போது சீட் முன்பக்கமாகக் கவிழப் பார்க்கும், பின் உருளைகள் ரெயிலை மேல்நோக்கி இழுக்கும், அப்போது அங்கே இருக்கிற ரிவெட் தலையைப் பிடுங்குகிற மாதிரி இழுவிசை வருகிறது. இது ரிவெட்டுக்குப் பிடிக்காத வேலை. பழைய அமெரிக்க விதிகளிலேயே அவசரத் தரையிறக்கத்துக்கு முன்நோக்கி 9 ஜி (சொந்த எடையைப் போல் ஒன்பது மடங்கு) என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், அதாவது 77 கிலோ ஆள் ஒருவர் கிட்டத்தட்ட 700 கிலோ மாதிரி முன்னால் தள்ளுவார். பல பழைய விமானங்களில் பெல்ட் தனியாகத் தரைச் சட்டத்தில் மாட்டியிருப்பதால் இதில் பெரும்பகுதி ரெயிலுக்கு வராது, சீட்டின் சொந்த எடை மட்டும்தான் வரும். பெல்ட் சீட்டிலேயே மாட்டியிருந்தால் எல்லாமே ரெயில் வழியாகத்தான் போகும். 1988-ல் வந்த விதித் திருத்தத்துக்குப் பிந்தைய வடிவமைப்புகளில் சீட்டை 26 ஜி அதிர்வில் வைத்துச் சோதித்திருப்பார்கள், அங்கே ரெயிலும் அதைப் பிடித்திருக்கும் சாமானும் அந்தச் சோதனைக் கணக்கில் ஒரு பகுதி. அந்த மாதிரி விமானத்தில் 'இதுவும் அதே வலுதானே' என்று ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடாதீர்கள், எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒரு திருகைக் கூட.

இனி கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது. கம்பளத்தை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ரிவெட் தலையைச் சுற்றிக் கறுப்பாக மை தடவினது மாதிரி இருந்தால் அந்த ரிவெட் தளர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது, அந்தக் கறுப்பு அலுமினியம் தேய்ந்த தூள். அப்படிப்பட்ட ரிவெட்டுக்குக் கீழே ஓட்டை வட்டமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அரிப்பு, கம்பளத்துக்கு அடியில் ஈரம் தேங்கின விமானங்களில் இது சகஜம். தலைகளில் எது தொழிற்சாலையில் அடித்தது, எது பிற்பாடு யாரோ அடித்தது என்றும் தெரியும்: நடுவில் ஓட்டையுள்ள பாப் ரிவெட், சாதாரண மெஷின் ஸ்க்ரூ, ஒரே வரிசையில் இரண்டு விதத் தலை. ஒவ்வொன்றையும் ரெயிலின் படம் ஒன்றை வரைந்து அதில் எண் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபோனில் எடுத்த படம் போதாது, அதில் எது எந்த ஓட்டை என்று அப்புறம் தலை சுற்றும்.

செஸ்னா வைத்திருப்பவர்களுக்கு ரெயிலை எப்போது மாற்ற வேண்டும் என்பதை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் 2011-10-09 என்ற பறப்புத் தகுதி ஆணை சொல்கிறது. 150, 172, 182, 206, 210 என்று ஒரு பெரிய பட்டியலே அதில் உண்டு. 100 மணி நேரத்துக்கு ஒரு முறை அல்லது 12 மாதத்துக்கு ஒரு முறை ரெயிலையும் ஊசியையும் உருளைகளையும் பார்க்க வேண்டும். ரெயில் துளை தேய்ந்து 0.42 அங்குலத்தைத் தாண்டினால் ரெயில் போய்விட்டது. ஊசி துளைக்குள் குறைந்தது 0.15 அங்குலம் இறங்க வேண்டும். புறப்படும்போது சீட் வழுக்கிப் பின்னால் போன விமானி கையில் இருந்த யோக்கையும் (விமானத்தை ஓட்டும் கைப்பிடி) இழுத்துக்கொண்டு போவார், மூக்கு மேலே எழும், அந்தத் தாழ்ந்த உயரத்தில் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. இந்த ஆணை வந்ததற்குக் காரணமே இதுதான்.

பாகங்கள் அட்டவணையை எடுத்து, உங்கள் விமானத்தின் வரிசை எண்ணுக்கு உரிய பக்கத்தைத்தான் பார்க்கிறீர்கள் என்று உறுதி செய்துகொண்டு, ரெயில் படத்தில் என்ன ரிவெட் என்று பாருங்கள். பெரும்பாலும் எம்எஸ்20470ஏடி4 அல்லது எம்எஸ்20426ஏடி4 மாதிரி ஒன்று இருக்கும். இதைப் படிப்பது சுலபம். 20470 என்றால் மேலே மேடாக நிற்கும் யுனிவர்சல் தலை, 20426 என்றால் 100 பாகைச் சரிவில் தகட்டுக்குள் புதையும் தட்டைத் தலை. ஏடி என்பது உலோகம், 2117 அலுமினியக் கலவை. அடுத்த எண் விட்டம், 32-ல் ஒரு பங்குகளில், அதாவது 4 என்றால் எட்டில் ஒரு அங்குலம். அதன் பின் ஒரு சின்னக் கோடு (-) போட்டு வருவது நீளம், அது 16-ல் ஒரு பங்குகளில். (பறப்புத் தகுதி ஆணைக்கும் ஆங்கிலச் சுருக்கம் ஏடிதான். லாக்புக்கில் (விமானத்தின் பராமரிப்புப் பதிவேடு) 'ஏடி ரிவெட் போடப்பட்டது' என்று எழுதிவிட்டு ஆணைக்கு உட்பட்ட ரிவெட் எது என்று ஒருவர் கேட்டு நான் விழித்திருக்கிறேன்.)

டப்பாவில் கலந்துபோன ரிவெட்டைத் தலையைப் பார்த்தே பிரிக்கலாம். நடுவில் சின்னக் குழி இருந்தால் ஏடி. ஒன்றுமே இல்லாமல் மொட்டையாக இருந்தால் அது சுத்த அலுமினியம், ரெயிலில் அதற்கு வேலையில்லை. மேடான ஒரு புள்ளி இருந்தால் 2017, மேடான இரண்டு கோடுகள் இருந்தால் 2024, இந்த இரண்டும் கடினமானவை. 2024-ஐச் சூடாக்கிக் குளிர்வித்து உறைபெட்டியில் வைத்திருந்து எடுத்த சில நிமிடத்துக்குள் அடிக்க வேண்டும், இல்லையென்றால் அடிக்கும்போது வெடிக்கும். 'கடினமானது, அதனால் நல்லது' என்று இதை எடுத்து ரெயிலில் போட நினைப்பவர்கள் உண்டு. வேண்டாம். ஏடி ரிவெட் அடிபடும்போது தண்டு உப்பி ஓட்டையை முழுக்க நிரப்புகிறது, அந்த நிரப்பல்தான் இணைப்பின் உயிர். மெல்லிய தரைத் தகட்டில் கடின ரிவெட்டை அடித்தால் ரிவெட் உப்புவதற்குள் தகடு நெளிந்துவிடும்.

தலை விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. ரெயிலின் மேல்பகுதியைக் கவ்விக்கொண்டு சீட்டின் உருளைக்கூடு ஓடுகிறது, அதன் கீழ்விளிம்பு ரெயிலின் அடிப்பட்டைக்கு மிகக் கிட்டத்தில் போகும். தட்டைத் தலை இருந்த இடத்தில் மேட்டுத் தலையைப் போட்டால் உருளைக்கூடு அதில் இடிக்கும், அல்லது இடிக்காமல் உரசும், உரசல் இன்னும் மோசம், ஏனென்றால் உடனே தெரியாது. புது ரெயிலில் பழைய இடத்திலேயே சரிவு வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெட்டவில்லையென்றால் நீங்கள்தான் வெட்ட வேண்டும், அதற்கு ரெயில் பட்டை ரிவெட் தலையின் ஆழத்தை விடத் தடிமனாக இருக்க வேண்டும். எட்டில் ஒரு அங்குல ரிவெட்டின் தட்டைத் தலை 0.042 அங்குலம் அளவுக்கு இறங்கும். தலை பட்டையைத் தாண்டிக் கீழ்த் தகட்டைத் தொட்டால் ரெயில் பட்டையில் ஓட்டையின் விளிம்பு கத்திமுனை மாதிரி மெலிந்துவிடும்.

இப்போது கழற்றல். ஏடி ரிவெட்டின் தலையில் உள்ள குழியே ட்ரில்லுக்கு வழிகாட்டி. தண்டின் அளவோ அதைவிட ஒரு படி சின்னதோ எடுத்து, தலையின் ஆழத்துக்கு மட்டும் துளையிட்டு, தலையை ஊசி பஞ்ச் (மெல்லிய எஃகுக் கம்பி மாதிரியான கருவி) வைத்து நெம்பி எடுத்து, கீழே ஒருவர் தாங்கிப் பிடிக்க, தண்டைத் தட்டித் தள்ளுங்கள். முழுக்கத் துளைத்து எடுக்க ஆசை வரும், சீக்கிரம் முடியும்தான். ஆனால் ட்ரில் தண்டோடு சேர்ந்து சுழன்று ஓட்டையை முட்டை வடிவத்துக்குக் கொண்டுவருவது அப்போதுதான். இன்னொன்று, தரைக்கு அடியில் கட்டுப்பாட்டுக் கேபிள்கள் போகும், மின்கம்பிகள் போகும், பல விமானங்களில் எரிபொருள் குழாயும் போகும். ட்ரில்லில் ஆழத் தடுப்பு மாட்டாமல் ஒரு ஓட்டை கூடப் போடாதீர்கள். துகள்களை ஒவ்வொரு பத்து ரிவெட்டுக்கும் ஒரு முறை வாக்குவம் வைத்து எடுங்கள், ஒரு கப்பிக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் அதைத் தேடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

இரண்டு ரெயிலையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். ஒன்று இருந்தால்தான் மற்றதற்கு அளவு.

ஓட்டையை அளப்பதுதான் முக்கியமான கட்டம், இதில் அவசரப்படக் கூடாது. எனக்கு நுட்பமான கருவி எதுவும் தேவைப்பட்டதில்லை, புதிய ட்ரில் துண்டுகளின் வழுவழுப்பான அடிப்பகுதியே போதும். எட்டில் ஒரு அங்குல ரிவெட்டுக்கு உரிய ஓட்டை 30-ஆம் நம்பர் ட்ரில், 0.1285 அங்குலம். அது லேசாக வழுக்கிக்கொண்டு போய், ஆட்டினால் ஆடாமல் இருந்தால் ஓட்டை நல்லது, அட்டவணையில் சொன்ன ரிவெட்டையே போடுங்கள், பெரும்பாலான ஓட்டைகள் இப்படித்தான் இருக்கும். ஆடினால் 27-ஆம் நம்பரை, அதாவது 0.144-ஐ நுழைத்துப் பாருங்கள். அது போகவில்லையென்றால் ஓட்டை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இங்கேதான் பலர் 'பரவாயில்லை, ரிவெட் உப்பி நிரப்பிவிடும்' என்று அடித்துவிடுகிறார்கள். நிரப்பாது. தண்டு உப்புவதற்குப் பதில் சாய்ந்து படுக்கும், மேலே தலை அழகாக இருக்கும், உள்ளே இடைவெளி இருக்கும், இரண்டு வருடத்தில் அந்தக் கறுப்பு மை திரும்ப வரும்.

இந்த நடு அளவு ஓட்டைக்கென்றே மிகையளவு ரிவெட்டுகள் இருக்கின்றன: தலை பழைய அளவு, தண்டு மட்டும் கொஞ்சம் தடிமன். அடிக்கும் ரிவெட்டில் என்ஏஎஸ்1242 யுனிவர்சல் தலை, என்ஏஎஸ்1241 தட்டைத் தலை. ஒரு பக்கத்திலிருந்தே இழுத்துப் பொருத்தும் செர்ரிமேக்ஸ் என்ற ரிவெட்டில் அதே வரிசையில் சிஆர்3243, சிஆர்3242. செர்ரிமேக்ஸ் மிகையளவுக்கு ஓட்டையை 27-ஆம் நம்பரால் சுத்தமாக வட்டமாக்க வேண்டும், அவ்வளவுதான், விளிம்புத் தூரத்தில் பெரிதாக ஒன்றும் இழக்க மாட்டீர்கள். சும்மா அடுத்த விட்டத்துக்குத் தாவுவதை விட இதுதான் எனக்குப் பிடித்த வழி.

27-ஆம் நம்பர் தாராளமாகப் போனால் அடுத்த விட்டம், 32-ல் ஐந்து அங்குலம், 21-ஆம் நம்பர் ட்ரில். ட்ரில்லைக் கையில் எடுக்கும் முன் ஸ்கேலை எடுங்கள். ஓட்டையின் நடுவிலிருந்து தகட்டின் விளிம்பு வரை ரிவெட் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், தட்டைத் தலை என்றால் இரண்டரை மடங்கு வைத்துக்கொள்வது நல்லது. எட்டில் ஒன்றுக்கு 0.25 அங்குலம் போதும், 32-ல் ஐந்துக்கு 0.31-க்கு மேல் வேண்டும். ரெயிலின் அடிப்பட்டை குறுகலானது, அந்த 0.06 அங்குலம் அங்கே இருக்காது என்பதுதான் என் இரண்டாவது ரெயிலின் கதை. ரெயிலை மட்டும் அளந்தாலும் போதாது, கீழே குறுக்குச் சட்டத்தின் மடிப்பும் அதே ரிவெட்டில்தான் மாட்டியிருக்கிறது, அதன் விளிம்பு மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடி வைத்து அடியிலிருந்து பாருங்கள். பக்கத்து ரிவெட்டுக்கும் இடையில் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஓட்டை கெட்டதற்காக வரிசை முழுவதையும் பெரிதாக்க வேண்டாம், கெட்ட ஓட்டைக்கு மட்டும் வைத்தியம். 32-ல் ஐந்தும் பிடிக்காத ஓட்டை, விரிசல் ஓடின தகடு, விளிம்புத் தூரம் போன இடம், இதெல்லாம் ரிவெட் தேர்வு என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது. மேல்தகடு போட்டு வலுப்படுத்த வேண்டும், அதற்கு உற்பத்தியாளரின் பழுதுபார்ப்புக் கையேடோ ஒரு பொறியாளரின் வரைபடமோ வேண்டும்.

'பெரிய ரிவெட், அதனால் பெரிய வலு' என்ற கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்டில் ஒரு அங்குல ஏடி ரிவெட் ஒற்றை ஷியரில் 388 பவுண்டு தாங்கும், 32-ல் ஐந்து 596 பவுண்டு. காகிதத்தில் ஒன்றரை மடங்கு. ஆனால் அது உட்கார்ந்திருப்பது 0.020 அங்குலத் தகடு என்றால், ரிவெட் அறுவதற்கு முன்பே தகட்டின் ஓட்டை நீண்டுவிடும், அப்போது ரிவெட்டின் கூடுதல் வலு வெறும் பேச்சுதான்.

நீளத்துக்கு வருவோம். ஒரே ரெயிலின் அடியில் ஒரு இடத்தில் தரைத் தகடு மட்டும் இருக்கும், இன்னொரு இடத்தில் தகடும் சட்டமும், இன்னொரு இடத்தில் அதற்கும் மேல் ஒரு வலுவூட்டும் பட்டையும். ஆக நீளம் மூன்று விதம் வரும், ஒரே டப்பா வாங்கினால் என் முதல் ரெயில் மாதிரி நிற்கும். கணக்கு இதுதான்: எல்லா அடுக்கின் தடிமனும் கூட்டி, அதோடு விட்டத்தின் ஒன்றரை மடங்கு. உதாரணத்துக்கு ரெயில் பட்டை 0.090, தகடு 0.032, சட்டம் 0.040 என்றால் மொத்தம் 0.162; எட்டில் ஒன்றின் ஒன்றரை மடங்கு 0.1875, கூட்டினால் 0.35. 16-ல் ஐந்து என்பது 0.3125, குறைகிறது. 16-ல் ஆறு 0.375, கொஞ்சம் அதிகம். நான் ஆறை எடுத்து ரிவெட் வெட்டியில் நறுக்கிக்கொள்வேன். ஐந்தை வைத்து ஒப்பேற்ற மாட்டேன். அடித்து முடித்த பின்தலை விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டும், எட்டில் ஒன்றுக்கு அகலம் 16-ல் மூன்று, உயரம் 16-ல் ஒன்று. நீளம் மிஞ்சினால் தண்டு சாயும், குறைந்தால் பின்தலை பப்படம் மாதிரி மெலிந்துவிடும்.

அடிக்கும் ரிவெட்டுக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மேலே அடிக்கும் கன்னோடு, ஒருவர் கீழே எதிர்த்துத் தாங்கும் கனத்த இரும்புக்கட்டியான பக்கிங் பாரோடு. கீழே கை போகாத இடங்கள் நிச்சயம் இருக்கும், முக்கியமாக நீளச் சட்டம் தொப்பி வடிவத்தில் மூடியிருக்கும் இடம். அங்கே ஒருபக்க ரிவெட்தான், ஆனால் அது என்ன ஒருபக்க ரிவெட் என்பதில் விளையாடக் கூடாது. செர்ரிமேக்ஸ் மாதிரி நடுத்தண்டை உலோக வளையத்தால் பூட்டிக்கொள்ளும் வகை மட்டும்தான். கடைத்தெரு பாப் ரிவெட்டில் நடுத்தண்டு உடைந்து விழுந்து உள்ளே குழாயாகிவிடும், அதற்கு இந்த இடத்தில் எந்த வலுவும் கிடையாது, ஏற்கெனவே யாராவது போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். செர்ரிமேக்ஸின் நீளக் கணக்கு வேறு மாதிரி: அடுக்கின் தடிமனை மட்டும் பார்க்க வேண்டும், ஒன்றரை மடங்கு கூட்ட வேண்டியதில்லை. அதே 0.162-க்கு சிஆர்3213-4-3, கடைசி 3 என்றால் 16-ல் மூன்று, 0.188 வரை பிடிக்கும். கிரிப் (ரிவெட் பிடிக்கும் மொத்தத் தடிமன்) அளவுகோல் ஒன்றை ஓட்டைக்குள் விட்டு அளப்பதுதான் நிச்சயம், கணக்குப் போட்டவர் தகட்டுக்கு நடுவில் இருந்த பெயின்டையும் பழைய பசையையும் மறந்திருப்பார். கை போகிற இடத்தில் அலுப்புப்பட்டு எல்லாவற்றையும் செர்ரியாக்கி விடுகிறவர்களும் உண்டு. கையேடு அனுமதித்தால் தவறில்லை, ஆனால் அடுத்த முறை அதைத் துளைத்து எடுப்பவர் உங்களைத் திட்டுவார், அந்த எஃகு நடுத்தண்டு ட்ரில்லை அப்படி வழுக்கிவிடும்.

சில விமானங்களில் ரெயிலின் சில புள்ளிகளில், முக்கியமாக முனைகளில், ரிவெட்டுக்குப் பதில் திருகோ போல்ட்டோ இருக்கும். அங்கே அதையேதான் போட வேண்டும். ரிவெட் இருந்த இடத்தில் போல்ட் போட்டால் இன்னும் பலம்தானே என்று கேட்பார்கள். ஏஎன்3 (16-ல் மூன்று அங்குல விமான போல்ட்) ஒன்று ஒற்றை ஷியரில் 2,126 பவுண்டு தாங்கும், உண்மைதான். ஆனால் போல்ட் அதன் ஓட்டைக்குள் கொஞ்சம் இடைவெளியோடு நிற்கிறது, பக்கத்து ரிவெட்டுகளோ ஓட்டையை நிரப்பி நிற்கின்றன. பாரம் வந்தால் முதலில் ரிவெட்டுகள் வாங்கும், அவை நீண்டு கொடுத்த பிறகுதான் போல்ட்டுக்கு முறை வரும். பந்தி முடிந்த பிறகு வருகிற விருந்தாளி மாதிரி. தவிர 16-ல் மூன்று அங்குல ஓட்டைக்கு விளிம்புத் தூரம் 0.375 வேண்டும், எங்கே போவது?

போல்ட் உள்ள இடத்தில் பார்க்க வேண்டியவை: தலையில் எக்ஸ் போன்ற அல்லது நட்சத்திரம் போன்ற குறி இருந்தால் அது ஏஎன் வகை எஃகு, இழுவலு சதுர அங்குலத்துக்கு 1,25,000 பவுண்டு. கடையில் கிடைக்கும் துருப்பிடிக்காத எஃகுத் திருகு பளபளப்பாக இருக்கும், அதன் வலு இதைவிடக் குறைவு, போதாததற்கு அலுமினியத்தோடு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியத்தைத் தின்னும். நீள எண் எட்டில் ஒரு பங்குகளில் போகும், ஆனால் 7-க்கு அடுத்தது 8 அல்ல, 10, அதுதான் ஒரு அங்குலம். பட்டியல் பார்க்காமல் ஆர்டர் செய்து ஏமாறாதவர் இல்லை. எண்ணுக்குப் பின் ஏ என்றால் தண்டில் காட்டர் பின் (நட் கழலாமல் குறுக்கே செருகி வளைக்கும் கம்பி) ஓட்டை கிடையாது. மரை தகட்டுக்குள் உட்காரக் கூடாது, வழுவழுப்பான தண்டுதான் தகட்டைத் தாங்க வேண்டும், அதற்காக ஏஎன்960-10 வாஷர் 0.063, அதன் மெல்லிய வகை 0.032, இரண்டையும் கையில் வைத்திருங்கள். நட்டின் நைலான் வளையத்துக்கு வெளியே குறைந்தது ஒரு முழு மரையாவது தெரிய வேண்டும். விரலால் முழுக்கத் திருக முடிகிற நைலான் நட் செத்த நட், அதைக் குப்பையில் போடுங்கள்; நட்பிளேட்டுக்கும் (தகட்டிலேயே ரிவெட் அடித்துப் பொருத்திய நட்) அதே தீர்ப்பு. டார்க் (முறுக்கி இறுக்கும் விசை), ஏஎன்3-இன் 10-32 மரைக்கு இழுவிசை நட்டில் 20 முதல் 25 அங்குல-பவுண்டு, மெல்லிய ஷியர் நட்டில் 12 முதல் 15, கால் அங்குலம் 28 மரைக்கு 50 முதல் 70, கையேடு வேறு சொன்னால் கையேடுதான். நைலான் சுழலும்போது கொடுக்கும் எதிர்ப்பை முதலில் அளந்து, இந்த எண்ணோடு அதையும் கூட்ட வேண்டும், பலர் இதைச் செய்வதில்லை.

பொருத்தும்போது புது ரெயிலை இடத்தில் வைத்து முனைகளிலும் நடுவிலும் முதலில் பிடியுங்கள். துளையில்லாமல் வரும் ரெயில் என்றால் அடியிலிருந்து தரையின் பழைய ஓட்டை வழியாக 40-ஆம் நம்பரில் சின்னதாகப் போட்டு, வெள்ளி நிறக் க்ளீக்கோ (ஓட்டைக்குள் செருகித் தகடுகளைத் தற்காலிகமாகப் பிடிக்கும் கவ்வி) மாட்டி, பிறகு 30-க்குப் பெரிதாக்கி, செம்பு நிறக் க்ளீக்கோவுக்கு மாறுங்கள். மேலிருந்து குத்துமதிப்பாக ஓட்டை போட்டால் கீழே எட்டு வடிவத்தில் இரட்டை ஓட்டை கிடைக்கும். எல்லா க்ளீக்கோவும் மாட்டிய நிலையில், உருளைக்கூட்டுக்கு வழிவிட இடிக்கிறவற்றை மட்டும் மாற்றி மாற்றி எடுத்துவிட்டு, சீட்டை ஏற்றி முழு தூரமும் ஓட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் இறுகினால் இரண்டு ரெயிலும் இணையாக இல்லை. ஊசிகள் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விழவில்லையென்றால் புது ரெயில் முன்பின் நகர்ந்திருக்கிறது, இதை ரிவெட் அடித்த பிறகு சரிசெய்ய வழியே கிடையாது.

அப்புறம் எல்லாவற்றையும் திரும்பக் கழற்றி, பிசிர் எடுத்து, ரெயிலின் அடியிலும் தரையிலும் ப்ரைமர் அடித்து, அது காய்ந்த பிறகு கடைசி முறையாக வையுங்கள். பிசிர் எடுப்பது என்றால் விளிம்பைத் தடவிவிடுவது மட்டும்தான், சரிவு வெட்டிவிடாதீர்கள். நடுவிலிருந்து முனைகளை நோக்கி அடித்துக்கொண்டே போனால் ரெயில் நெளியாது.

இனி கிட்டத்தட்ட எல்லோரும் மறக்கிற ஒன்று: ரெயிலின் முனையில் சீட் கழன்று வெளியே போகாமல் நிறுத்தும் தடுப்புகள். அவற்றைப் பிடித்திருப்பது ஒரு சின்ன போல்ட்டோ ஊசியும் காட்டர் பின்னுமோதான், பழையதை நெம்பி எடுத்ததில் வளைந்திருக்கும், ரெயில் வேலை முடிந்த களைப்பில் அதையே திரும்பச் சொருகிவிடுவார்கள். காட்டர் பின்னை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள், தடுப்புக்கு உரிய போல்ட்டை ரிவெட்டோடு சேர்த்தே ஆர்டர் செய்துவிடுங்கள். செஸ்னாவாக இருந்தால், ஊசி விட்டாலும் சீட்டைப் பிடித்துக்கொள்ளும் இரண்டாவது தடுப்புக்கு எஸ்ஈபி07-5 என்ற சேவை அறிவிப்பு இருக்கிறது. தரை திறந்து கிடக்கிற இந்த நேரத்தை விட அதை மாட்ட நல்ல நேரம் வராது.

ஆர்டர் செய்யும்போது அட்டவணை அளவில் மூன்று நீளம், மிகையளவில் ஒரு கைப்பிடி, செர்ரியில் இரண்டு கிரிப், புது நட், புது காட்டர் பின் என்று மொத்தமாக, பாக எண்ணோடும் விற்பவரின் சான்றோடும் வாங்குங்கள். டப்பாவில் லேபிள் இல்லாமல் கிடப்பது எத்தனை புதிதாகத் தெரிந்தாலும் விமானத்துக்கு இல்லை. லாக்புக்கில் எந்த ஓட்டையில் மிகையளவு, எதில் செர்ரி என்று அந்தப் படத்தின் எண்ணோடு எழுதுங்கள். கம்பளத்தைப் போடும் முன் ஒரு ஆளைச் சீட்டில் உட்கார வைத்து, ஒவ்வொரு துளையிலும் பூட்டி, முன்னும் பின்னும் உலுக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் குனிந்து ஊசி எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.